லக் அடிக்குமா? ஆங்கிலச் சொற்கள் சொல்லும் ஒரு வரலாறு



“குட் லக்!”

தேர்வுக்குப் போகிற பிள்ளையிடம் ஆசிரியர் சொல்லுகிறார். ஓட்டப் பந்தயத்திற்கு நிற்கிற பையனிடம் தோழன் சொல்லுகிறான். வேலை கேட்டு நேர்முகத்திற்குக் கிளம்புகிற அண்ணனிடம் தங்கை சொல்லுகிறாள். இந்த மண்ணில் வாழும் நமக்கு இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் வீட்டுச் சொற்களாகவே ஆகிவிட்டன.

ஆனால் அதே பிள்ளை ஆங்கிலக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் சிக்கல் ஆரம்பமாகிவிடுகிறது. ‘அதிர்ஷ்டம் அடிச்சது’ என்று மனத்திற்குள் தமிழில் நினைத்துக்கொண்டு, ‘லக் பீட் மீ’ என்று எழுதி வைக்கிறது. படிக்கிற ஆங்கிலேயருக்கு, லக் என்ற பெயருடைய முரடன் ஒருவன் பிள்ளையைப் போட்டு அடித்துவிட்டான் என்றுதானே தோன்றும்!

எந்த மொழியிலும் சில சொற்கள் கைகோத்தே நடக்கும். நாம் ‘கோலம் போட்டாள்’ என்கிறோம். ‘கோலம் செய்தாள்’ என்பதில்லை. ‘மழை பெய்தது’ என்கிறோம். ‘மழை ஊற்றப்பட்டது’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். லக், சான்ஸ், ஃபார்ச்சூன் என்ற சொற்களுக்கு அருகில் எந்தச் சொல் வந்து உட்காரலாம் என்பதற்கு ஒரு மரபு உண்டு. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யலாம். ஒரு வாரத்தில் மறந்தும் போகலாம். அந்தச் சொற்கள் பிறந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் மறக்காது. வாருங்கள், பார்த்துவிட்டு வருவோம்.

பகடை உருண்ட மேசை

‘லக்’ என்பது ஆங்கிலத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை இல்லை. டச்சுக்காரர்களும் வட ஜெர்மானியரும் பேசிய மொழிகளிலிருந்து 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய சொல் அது. சூதாடிகளின் வாய்வழியாகவே வந்திருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சி அறிஞர்களின் கருத்து.

அந்தச் சூதாட்ட மேசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பல தொடர்கள் தாமே விளங்கும். ‘டிரை யுவர் லக்’ என்றால் ஒரு தடவை காசு வைத்துப் பார் என்பதுபோல, முயன்று பார் என்று பொருள். ஜெயித்தவன் எழுந்து போகாமல் மேலும் மேலும் பணத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவன் ‘டோன்ட் புஷ் யுவர் லக்’ என்பான். கிடைத்தது போதும், அளவுக்கு மீறிப் போகாதே என்று எச்சரிக்கை. கடைசியில் கைக்காசு தீருவதைப் போல லக்கும் தீர்ந்துபோகும். அதுதான் ‘ஹிஸ் லக் ரேன் அவுட்’. கைக்காசு போல் வரும், தீரும், திரும்பும் ஒரு பொருளாகவே லக் இந்தத் தொடர்களில் நடமாடுகிறது.

‘சான்ஸ்’ என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. அதன் வேர், ‘விழு’ என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல். பகடை எப்படி விழுகிறதோ அதுதான் சான்ஸ். இதைப் படித்தபோது நம் ஊர்ப் பேச்சு ஞாபகத்திற்கு வராமல் இருக்குமா? “அவனுக்கு லாட்டரி விழுந்திருக்காம்ல!” என்றுதானே நாமும் சொல்லுகிறோம்! ரோமாபுரிக்காரனும் நம் தோட்டத்துப் பாட்டியும் சந்தித்துக்கொண்டதே இல்லை. ஆனாலும் அதிர்ஷ்டம் மேலேயிருந்து விழுகிறது என்ற எண்ணம் இருவருக்கும் ஒன்றுதான்.

‘ஹஸார்ட்’ என்று இன்னொரு சொல். இன்று தொழிற்சாலைச் சுவர்களில் ஆபத்து என்ற பொருளில் எழுதி வைக்கிறார்கள். ஆதியில் அது இரண்டு பகடைகளைக் கொண்டு ஆடும் ஒரு சூதாட்டத்தின் பெயர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞர் சாஸர், தம் கான்டர்பரி கதைகளில் இந்த ஆட்டத்தின் தீமையை ஒரு பாத்திரத்தின் வாயால் சாடியிருக்கிறார். ஆட்டத்தின் பெயரே நாளடைவில் ஆபத்தின் பெயராகிவிட்டது பாருங்கள்! சூது என்று தனி அதிகாரமே பாடிய வள்ளுவர் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்.

நட்சத்திரமும் சக்கரமும்

சூது மேசையை விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்போம். ‘உனக்குக் கிரகம் சரியில்லை’, ‘அவனுக்குச் சனி பிடிச்சிருக்கு’ என்று நம் வீடுகளில் பேசுவதுண்டு. பழைய ஐரோப்பியரும் இதற்குக் குறைந்தவர்கள் அல்லர். ‘டிஸாஸ்டர்’ என்றால் பேரழிவு. இத்தாலிய மொழியிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லைப் பிரித்தால் ‘கெட்ட நட்சத்திரம்’ என்று வரும். ‘இன்ஃப்ளுயென்ஸா’ என்ற காய்ச்சலின் பெயரும் இத்தாலியச் சொல்தான். நட்சத்திரங்களின் ஆதிக்கம் என்ற பழைய எண்ணத்திலிருந்து வந்தது. பெரிய விபத்திலிருந்து தப்பியவனைப் பார்த்து, ‘தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது, நட்சத்திரத்துக்கு நன்றி சொல்லச் சொல்லுகிறார்கள். ஆகவே ‘லக்கி’ என்ற சொல்லோடு ‘ஸ்டார்’ சேருவது தற்செயல் அன்று.

‘ஃபார்ச்சூன்’ என்பது ரோமானியர் வணங்கிய ஃபார்ச்சூனா என்ற பெண் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. அவள் கையில் ஒரு சக்கரம். அது சுற்றச் சுற்ற, மேலே இருந்த அரசன் கீழே வருவான். கீழே கிடந்தவன் மேலே போவான். பொயிதியஸ் என்ற ரோமானிய அறிஞர், உயர்ந்த பதவியிலிருந்து சிறையில் தள்ளப்பட்டு, கி.பி. 524ஆம் ஆண்டு வாக்கில் மரணத்தை எதிர்பார்த்துக் கிடந்தபோது இந்தச் சக்கரத்தைப் பற்றி எழுதினார். அந்த நூலை ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகள் படித்தது. சாஸர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

தெய்வம் என்றால் முகம் உண்டு, முகம் இருந்தால் சிரிப்பும் உண்டு. எனவே ‘ஃபார்ச்சூன் ஸ்மைல்ட் ஆன் ஹிம்’ என்று ஆங்கிலத்தில் எழுதலாம். அதிர்ஷ்ட தேவதை அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள் என்பது கருத்து. சிற்பிகளும் ஓவியர்களும் இவளுடைய கண்ணைக் கட்டி விடுவார்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பாராமல் வாரிக் கொடுப்பவள் என்பதற்கு அது அடையாளம். ‘பிளைண்ட் லக்’ என்ற தொடரைக் கேட்கும்போது இந்தக் கண்கட்டு நினைவுக்கு வரும். நாமும் ‘குருட்டு அதிர்ஷ்டம்’ என்கிறோம் அல்லவா? நம்முடைய ‘அதிர்ஷ்டம்’ என்ற சொல்லே ‘காணப்படாதது’ என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்ததுதான். அங்கே கொடுப்பவளுக்குக் கண் தெரியவில்லை. இங்கே வருவது நம் கண்ணுக்குத் தெரியவில்லை!

ராணி நடத்திய குலுக்கல்

இங்கிலாந்தில் அரசாங்கமே நடத்திய முதல் லாட்டரி, முதலாம் எலிசபெத் ராணியின் காலத்தில் நடந்தது. 1567இல் அறிவித்தார்கள், 1569 ஜனவரியில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் மேற்கு வாசலில் குலுக்கல் தொடங்கியது. துறைமுகங்களைப் பழுது பார்க்கப் பணம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஒரு சீட்டின் விலை 10 ஷில்லிங். ஏழை எளியவர்கள் எட்டிப் பார்க்க முடியாத விலை. முதல் பரிசு 5,000 பவுன். ஆனாலும் சீட்டுகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

பழைய ஆங்கிலக் குலுக்கல்கள் பலவற்றில் வெறும் சீட்டுகளும் கலந்திருக்கும். ஒன்றும் எழுதாத அந்தச் சீட்டுக்குப் பெயர் ‘பிளாங்க்’. எவ்வளவு தேடியும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புவதை ஆங்கிலத்தில் ‘டிரா எ பிளாங்க்’ என்று இன்றும் சொல்வது இதனால்தான். ‘லக் ஆஃப் த டிரா’ என்பதும் சீட்டை உருவுகிற கையைப் பற்றிய பேச்சுதான். ஆகவே ‘டிரா’ என்ற வினையைப் பார்க்கும்போது ‘வரைதல்’ என்று நினைத்துவிடாதீர்கள். பானைக்குள் கைவிட்டு எடுக்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எலிசபெத் ராணியே 1593இல் பொயிதியஸின் நூலைத் தம் கையால் மொழிபெயர்த்தார் என்பது சுவையான செய்தி. லாட்டரி நடத்தியவரும் அவரே. அதிர்ஷ்டச் சக்கரத்தை நம்பாதே என்ற புத்தகத்தை மொழிபெயர்த்தவரும் அவரே!

பானைக்குள் கைவிட்டுச் சீட்டு எடுப்பது தமிழருக்கும் புதிதன்று. உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஊரார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டவர் பெயரெல்லாம் குடத்துக்குள் போகவில்லை. வயது 35க்கு மேலும் 70க்குள்ளும் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும்; கல்வி இருக்க வேண்டும்; முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் சேரவே கூடாது. முதலில் தகுதி, அதன் பிறகுதான் குலுக்கல்!

பங்கு என்று ஒரு சொல்

லாட்டரி என்ற பெயரின் அடியில் ‘லாட்’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. குலுக்கிப் போடும் சிறு துண்டுக்கும் ‘லாட்’ என்று பெயர். அதனால் ஒருவனுக்கு வந்து சேரும் பங்குக்கும் ‘லாட்’ என்று பெயர். ஒருவனுடைய வாழ்க்கை நிலையையே ஆங்கிலத்தில் ‘ஹிஸ் லாட்’ என்பார்கள்.

நம் மலாய் நண்பர்கள் ‘நசிப் பாய்க்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். நல்ல அதிர்ஷ்டம் என்று அர்த்தம். ‘நசிப்’ என்பது அரபுச் சொல்; அதன் பொருளும் பங்குதான். சரி, நாம் சொல்லும் ‘பாக்கியம்’? அதுவும் ‘பாகம்’ என்பதோடு உறவுடைய வடசொல். பாகம் என்றாலும் பங்கு. லண்டனிலும் அரபு நாட்டிலும் நம் வீட்டிலும் மனிதன் ஒரே மாதிரி நினைத்திருக்கிறான்: யாரோ பங்கு பிரிக்கிறார்கள், நமக்கு இவ்வளவு வருகிறது என்று.

கணக்குப் போட்டவர்கள்

பல நூறு ஆண்டுகளாக மனிதன் பகடையைப் பார்த்துப் பயந்தான், அல்லது கும்பிட்டான். 1654இல் பிரான்சு நாட்டில் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு மேதைகள் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். ஓர் ஆட்டம் பாதியில் நின்றுபோனால், வைத்த பணத்தை ஆட்டக்காரர்களுக்கு எப்படி நியாயமாகப் பிரிப்பது? இதுதான் அவர்களுக்கு வந்த கேள்வி. இருவரும் மாறி மாறிக் கடிதம் எழுதி விடை கண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் நிகழ்தகவு என்று நாம் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பாடம். 1718இல் தெ முவாவர் என்பவர் ஆங்கிலத்தில் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். காப்புறுதித் தொழில் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இந்தக் கணக்கை நம் வீட்டுக்கும் கொண்டு வருவோம். நம் ஊர்க் கடைவீதியில் நாலு நம்பர் கடை முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், கார் மோதினால் ஒரு நம்பர்! 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். முதல் பரிசு ஒரே ஓர் எண்ணுக்கு. வாரம் ஒரு தடவை ஓர் எண் எடுப்பவருக்கு, சராசரியாக 10,000 வாரத்தில் ஒரு முறை முதல் பரிசு விழலாம். 10,000 வாரம் என்பது எத்தனை ஆண்டு? 52ஆல் வகுத்துப் பாருங்கள். 192 ஆண்டுக்கு மேல் வருகிறது! இரண்டு ஆயுள் போதாது. ‘த ஆட்ஸ் ஆர் அகெய்ன்ஸ்ட் யூ’ என்று ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான். பிள்ளையின் புத்தகக் காசு, அம்மாவின் மருந்துக் காசு இப்படி வாரா வாரம் கரைவதைப் பார்க்கும்போது, ‘ஹஸார்ட்’ என்ற ஆட்டத்தின் பெயர் ஏன் ஆபத்தின் பெயரானது என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

‘ஹேப்பி’ மாறிய விதம்

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சொல்லுக்கு வருகிறேன். வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடலோடிகளின் மொழியிலிருந்து ‘ஹேப்’ என்ற சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. நேர்வது, வாய்ப்பது என்று பொருள். அதன் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ‘ஹேப்பன்’ என்றால் நிகழ்தல். ‘பெர்ஹேப்ஸ்’ என்றால் ஒருவேளை. ‘மிஸ்ஹேப்’ என்றால் தவறி நேர்ந்தது. ‘ஹேப்லெஸ்’ என்றால் அதிர்ஷ்டம் கெட்டவன். கடைசிப் பிள்ளை, நாம் பிறந்தநாள் தோறும் பாடுகிற ‘ஹேப்பி’!

14ஆம் நூற்றாண்டில் ‘ஹேப்பி’ என்றால் முதற்பொருள் அதிர்ஷ்டசாலி என்பதே. அதிர்ஷ்டம் இருந்தால்தான் மகிழ்ச்சி என்று அந்தக் காலத்து மனிதன் நம்பினான். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் மகிழ்ச்சிக்கும் ‘கிளுக்’ என்ற ஒரே சொல்தான். ஆங்கிலத்திலோ, காலப்போக்கில் இரண்டும் பிரிந்தன. இன்று ஒருவன் ‘அன்லக்கி’யாக இருந்துகொண்டே ‘ஹேப்பி’யாகவும் இருக்கலாம்; ஆங்கிலம் அதை ஒத்துக்கொள்ளுகிறது. கவலையற்றுத் திரிபவனைச் சொல்லும் ‘ஹேப்பி-கோ-லக்கி’ என்ற தொடரில் மட்டும் அந்தப் பழைய சகோதரர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு சொல்லும் உண்டு. இலங்கைத் தீவை அரபியரும் பாரசீகரும் முற்காலத்தில் ‘செரண்டிப்’ என்ற பெயரால் அழைத்தார்கள். அந்த நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய கதையைப் படித்த ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர், 1754 ஜனவரி 28ஆம் நாள் எழுதிய கடிதத்தில் ‘செரண்டிப்பிட்டி’ என்று ஒரு புதுச் சொல்லை உண்டாக்கினார். தேடாததைத் தற்செயலாகக் கண்டுபிடிப்பது என்று பலர் பொருள் சொல்கிறார்கள். வால்போல் அதோடு நிறுத்தவில்லை. தற்செயலோடு கூர்மதியும் சேர வேண்டும் என்றுதான் அவர் எழுதினார்.

1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் ஆய்வுத் தட்டில் பூஞ்சணம் விழுந்தது. விழுந்தது சான்ஸ்தான். ஆனால் அந்தப் பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமிகள் இல்லாமற்போனதைக் கண்டு, ஏன் என்று கேட்டது ஃபிளெமிங்கின் பயிற்சி. பெனிசிலின் அப்படிப் பிறந்தது. வேறு கையாக இருந்தால் தட்டைக் கழுவி வைத்திருக்கும்!

கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கு

கற்றதைக் கொஞ்சம் தொகுத்துக்கொள்வோம்.

ஒன்று: ‘லக்’ என்பது அரிசி, தண்ணீர் போல எண்ணிக்கையில் அடங்காத பெயர். ‘எ லக்’ என்று எழுதக் கூடாது. ‘எ பிட் ஆஃப் லக்’ என்றோ, ‘எ ஸ்ட்ரோக் ஆஃப் லக்’ என்றோ எழுத வேண்டும்.

இரண்டு: தமிழில் அதிர்ஷ்டம் நம்மை அடிக்கும். ஆங்கிலத்தில் நாம்தான் அதை அடிக்க வேண்டும்! தங்கம் தோண்டுகிறவன் தரையை அடித்துக் கண்டெடுப்பது போல, ‘ஹீ ஸ்ட்ரக் லக்கி’ என்று எழுதுவார்கள். ‘ஹீ ஹிட் த ஜாக்பாட்’ என்பதும் அப்படியே.

மூன்று: ‘டேக் எ சான்ஸ்’ என்றால் வாய்ப்பைப் பெறுதல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை; துணிந்து இறங்குவது, நட்டம் வந்தாலும் வரட்டும் என்பது அதன் பொருள். வாய்ப்புக் கிடைத்தது என்பதற்கு ‘கெட் எ சான்ஸ்’. தற்செயலாக என்பதற்கு ‘பை சான்ஸ்’.

நான்கு: ‘மேக் எ ஃபார்ச்சூன்’ என்றால் அதிர்ஷ்டத்தைச் செய்தல் அன்று, பெரும் பணம் சேர்த்தல்.

ஐந்து: தோற்றுப்போன நண்பனிடம் ‘பேட் லக்’ அல்லது ‘ஹார்ட் லக்’ என்று ஆறுதல் சொல்லலாம். ‘பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்’ என்பது அடுத்த முறை வெல்வாய் என்ற ஊக்கம்.

பங்கு பிரித்துப் பார்த்தால்

பரிசளிப்பு நாளில் நம் காதில் விழும் பேச்சுகள் பல. “அந்தப் பிள்ளைக்கு ராசி, மேடை ஏறிடுச்சு” என்பார்கள். “எங்க பிள்ளைக்கு அந்தக் குடுப்பினை இல்லைங்க” என்று ஒரு தாய் பெருமூச்சு விடுவார். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பிள்ளை, அப்படியானால் நாம் படித்து என்ன பயன் என்று நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அதிர்ஷ்டத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. படித்த கேள்வியே தேர்வில் வருவதும், தேர்வன்று காய்ச்சல் வருவதும் நம் கையில் இல்லை. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்தார். ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் தந்தார். ஆளுக்குப் பத்துக் குறள்! உத்திரமேரூர்க் குடத்துக்குள் எந்த ஓலை கையில் சிக்கும் என்பது லக். ஆனால் தன் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்துக்குள் போகும்படி தகுதி தேடிக்கொள்வது அவரவர் வேலை.

ஆகவே, இன்று மேடையேறிப் பரிசு பெறும் செல்வங்களே, உங்கள் உழைப்பின் பங்கை எண்ணிப் பெருமைப்படுங்கள். அதிர்ஷ்டத்தின் பங்கை எண்ணி அடக்கமாக இருங்கள். கீழே அமர்ந்து கைதட்டும் செல்வங்களே, உங்கள் ஓலையை எழுதிக்கொண்டே இருங்கள். குடம் அடுத்த ஆண்டும் வரும்.

உங்கள் எல்லோருக்கும் என் ‘குட் லக்!’ அதோடு நல்ல படிப்பும் சேரட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!